மக்கட்காகவும் பேரர்க்காகவும் மறைமொழி கொண்டு மன்றாடல்

மக்கட்பேறு எய்தியோர் அனைவரும் ஒரு வகையில் இரவலரே. தம் மகவு நோயின்றி வளர்தல் வேண்டும், அறிவும் ஒழுக்கமும் பெறுதல் வேண்டும், தமக்குப் பின்னும் நெடிது வாழ்தல் வேண்டும் என்று, தம்மினும் பெரியதொரு கையை நோக்கித் தம் கையை ஏந்தாத தாய் தந்தையர் உலகில் மிக அரியர். எம்மதத்தினர்க்கும் எந்நாட்டினர்க்கும் இஃது பொது. நம் தமிழ்ப் புலவர்கள் இவ்வுணர்ச்சியை ஒரு நூல்வகைக்கே தலைவாயிலாக அமைத்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தின் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்புப் பருவம். குழந்தை செங்கீரை ஆடுவதற்கும், தாலாட்டுக் கேட்பதற்கும், சப்பாணி கொட்டுவதற்கும், அம்புலியை அழைப்பதற்கும் முன்னரே, அதனைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டிக்கொள்ளுதல் மரபு. பிள்ளையைப் பாராட்டுவதற்கு முன் பிள்ளைக்காக வேண்டுக என்பது அம்மரபு நமக்கு உணர்த்தும் குறிப்பாம்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இவ்வேண்டுதல் ஒரு தனி வடிவம் பெற்றுள்ளது. வேதாகமத்தினின்றும் ஒரு பகுதியை வாசித்து, அப்பகுதியின் கருத்தையே பிள்ளையின் பெயரோடும் பேரப்பிள்ளையின் பெயரோடும் சேர்த்து ஜெபமாக ஏறெடுத்தல் என்பதே அது. மாலை விளக்கேற்றிய பின் நடைபெறும் குடும்ப ஜெபத்தில் இதனைக் கேட்டு வளர்ந்தவர் நம் கல்லூரியிலும் பலர் உளர். ஆயினும், கேட்டுப் பழகிய ஒன்றைப் பொருளறிந்து நோக்குவோர் சிலரே. இவ்வழக்கம் யாது, எவ்வாறு செய்யப்படுவது, எதனால் பயன் தருவது, எவ்விடத்தில் நெறி பிறழ்வது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம். இவ்வாராய்ச்சிக்குத் திருக்கோவிலூரை நிலைக்களமாகக் கொள்ளுதல் பொருந்தும். பிள்ளைகளைத் தக்க கையில் ஒப்புவித்தல் என்னும் செயலுக்குத் தமிழிலக்கிய வரலாற்றில் சான்றாய் நிற்பது அவ்வூரே.

பறம்பின் கோமானாகிய பாரி மூவேந்தரால் மாண்டபின், அவன் மகளிர் இருவரும் தமியராயினர். பாரியின் ஆருயிர் நண்பரான கபிலர் அம்மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று, அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டியதையும், அவ்விருவரும் மறுத்ததையும் புறநானூறு கூறும். பெற்ற தந்தை அல்லாராயினும், தந்தை செய்யவேண்டிய கடனைத் தம் கடனாக ஏற்று, வாயில்தோறும் நின்றார் அப்பெரும் புலவர். அவர் வாழ்வின் இறுதியோடு தொடர்புடையது தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூர். ஆற்றினிடையே நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்று இன்றும் அழைப்பர். பாரி மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் அங்கே உயிர் நீத்தார் என்னும் செய்தியை, அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று குறிக்கின்றது.

கபிலரிடம் நாடும் இல்லை, படையும் இல்லை. அவரிடம் இருந்தவை சொற்களே. தம் ஆற்றல் முடிவுறும் இடத்தில், தம் பொறுப்பிலுள்ள இளையோரை ஏற்கத்தக்க கை எது என்று தேடினார். ஆழ்ந்து நோக்கின், ஒவ்வொரு பெற்றோரின் நிலையும் இதுவேயாம். உணவு ஊட்டலாம், கல்வி அளிக்கலாம், மணம் முடித்தும் வைக்கலாம். அதற்கு அப்பால் பிள்ளையின் உள்ளமும் வருங்காலமும் பெற்றோரின் கைக்கு எட்டுவன அல்ல. எட்டாத அவ்விடத்திற்குச் சொற்களைக் கொண்டு செல்லுதலே ஜெபம்.

இனி, அவ்வூரின் கிறிஸ்தவ சபையை நோக்குவோம். 1821-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் தோன்றிய டேனிஷ் மிஷன் சங்கத்தார் 1860-களில் அந்நாளைத் தென்னார்க்காட்டு ஜில்லாவில் ஊழியம் தொடங்கினர். அவர்தம் நிலையங்களுள் ஒன்றாகத் திருக்கோவிலூரும் விளங்கிற்று. அவ்வூழியத்தின் பயனாக எழுந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. 1993-ல் அந்த ஜில்லா பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் தோன்றிற்று; 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் சபைகள் நிலைத்து நிற்கின்றன.

தமிழ்நாட்டு முதல் தலைமுறைக் கிறிஸ்தவர் பலர் எழுத்தறியாத எளியோர். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளுதல், காப்புக் கட்டுதல், மந்திரித்த கயிறு அணிவித்தல் என்று முன்னோர் பிள்ளைகளுக்காகச் செய்துவந்தவற்றை அவர்கள் விட்டு வந்தனர். விட்ட இடம் வெறுமையாய் இருத்தல் இயலாது. தொட்டிலில் காய்ச்சலால் துடிக்கும் குழந்தையின் அருகே இருக்கும் தாய்க்கு ஏதேனும் சொல்லவேண்டும். அச்சொற்களை அவர்களுக்கு அளித்தது தமிழ் வேதாகமம். டேனிஷ் அரசரால் அனுப்பப்பெற்று 1706-ல் தரங்கம்பாடி வந்துசேர்ந்த சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். அதன் அச்சுவேலை 1715-ல் முற்றுப்பெற்றது. பழைய ஏற்பாட்டில் அவர் ரூத்தின் புத்தகம் வரை பெயர்த்து, 1719-ல் காலமானார். இவ்விடத்தில் ஒன்று சிந்திக்கத்தக்கது. கணவனையும் புதல்வர் இருவரையும் இழந்த நகோமி, தன் மருமகள் ரூத் பெற்ற மகவை எடுத்து மடியில் வைத்து வளர்த்தாள் என்பது ரூத்தின் புத்தகத்து இறுதிக் காட்சி. அம்மகவின் பெயர் ஓபேத். அவன் தாவீது அரசனுக்குப் பாட்டன். ஆகவே, பழைய ஏற்பாட்டில் சீகன்பால்கு ஐயரின் எழுதுகோல் நின்ற நூல், பேரனை ஏந்திய ஒரு மூதாட்டியின் மடியில் முடிவதாயிற்று.

வேதவசனம் கொண்டு ஜெபிப்பதற்குரிய பகுதிகளை மூவகையாகப் பகுத்துக் கொள்ளலாம். முதலாவது, வேதத்திலுள்ள பெற்றோர் தம் மக்களுக்காகவே செய்த வேண்டுதல்கள். அன்னாள் சாமுவேலைக் கேட்டுப் பெற்று, பெற்றவனைத் திரும்பக் கர்த்தருக்கே கொடுத்தாள். யோபு தன் பிள்ளைகளின் விருந்து நாட்கள் முடியுந்தோறும் அதிகாலையில் எழுந்து அவரவர்க்காகப் பலி செலுத்தினான். தாவீது தன் மகன் சாலொமோனுக்காக வேண்டியபோது (1 நாளாகமம் 29:19) செல்வத்தையோ பகைவரின் வீழ்ச்சியையோ கேட்கவில்லை. கற்பனைகளைக் கைக்கொண்டு, தொடங்கிய பணியை முடிக்கும் உத்தம இருதயத்தையே கேட்டான். இரண்டாவது, அப்போஸ்தலனாகிய பவுல் சபைகளுக்காகச் செய்த ஜெபங்கள். பிலிப்பியர் முதலாம் அதிகாரத்திலும், எபேசியர் மூன்றாம் அதிகாரத்திலும், கொலோசெயர் முதலாம் அதிகாரத்திலும் அவை உள்ளன. மூன்றாவது, சங்கீதங்களும் ஆசிமொழிகளும். எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் ஆரோன் கூறுமாறு கட்டளை பெற்ற ஆசீர்வாதம் இவற்றுள் தலையாயது. இவற்றோடு லூக்கா 2:52-ஐயும் சேர்க்கலாம். இயேசு பெருமான் இளமையில் வளர்ந்த வளர்ச்சி ஆண்டு நான்கு வகையாகச் சொல்லப்படுகின்றது: அறிவில், உடலில், தேவனிடத்து, மனிதரிடத்து. வளரும் பிள்ளைக்காக ஜெபிப்போர்க்கு இந்நான்கினும் நிறைவான பகுப்புக் கிடைத்தல் அரிது.

செய்யும் முறை எளியது. ஒரு சிறு பகுதியை மட்டும் இரண்டு மூன்று முறை நிதானமாய் வாசித்தல் வேண்டும். இப்பகுதியில் கேட்கப்படுவது யாது, யாருக்காக, எந்நிலையில் என்று ஆராய்தல் வேண்டும். பின்னர்ப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அப்பிள்ளையின் இன்றைய நிலைக்கு அக்கருத்தைப் பொருத்தி, தன் சொந்தச் சொற்களால் வேண்டுதல் வேண்டும். இறுதியில் சற்றே மௌனமாய் இருத்தல் நன்று. எடுத்துக்காட்டாக, பிலிப்பியர் 1:9-11-ஐ வாசிக்கும் ஒரு தாய் பின்வருமாறு ஜெபிக்கக் கூடும்: “ஆண்டவரே, எங்கள் மகளின் அன்பு நாளுக்கு நாள் பெருகட்டும். ஆனால் அது கண்மூடிய அன்பாய் இராதபடி காத்தருளும். நல்லது எது, அதனினும் மேலானது எது என்று பிரித்தறியும் தெளிவை அவளுக்குத் தாரும். விடுதியில் தோழியரோடு இருக்கும்போதும், தனித்து இருக்கும்போதும் அவள் ஒரே தன்மையாய் இருக்க அருள்செய்யும்.” வசனத்தின் எலும்பும் தாயின் உயிர்மூச்சும் இதில் கூடியிருத்தல் காண்க.

பெற்றோர் தம் உள்ளத்தில் எழுந்தவாறே வேண்டினால் போதாதோ? வசனம் எதற்கு? என்று சிலர் வினவலாம். இக்கட்டுரையின் மையம் இவ்வினாவிற்கான விடையே. உள்ளத்தில் எழுந்தவாறு வேண்டுதல் தவறன்று. சங்கீதக்காரர் பலரும் அவ்வாறே கதறினர். ஆனால், பிள்ளைப்பாசம் பெருந்தீ. அது ஒளியும் தரும், புகையும் தரும். செபெதேயுவின் மனைவி தன் மக்கள் இருவரையும் இயேசுவிடம் அழைத்து வந்து, அவருடைய இராஜ்யத்தில் ஒருவன் வலப்புறமும் ஒருவன் இடப்புறமும் வீற்றிருக்க அருளவேண்டும் என்று கேட்ட செய்தி மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவள் பணிந்து கேட்டாள்; உண்மையாகவே கேட்டாள். ஆயினும், கேட்பது இன்னதென்று அறியாமல் கேட்கிறீர்கள் என்னும் கருத்துப்பட ஆண்டவர் விடையளித்து, தாம் பருகவிருக்கும் துன்பக் கிண்ணத்தைப் பற்றிப் பேசினார். அம்மக்களுள் யாக்கோபு பிற்காலத்தில் ஏரோதின் வாளால் மாண்டான். தாய் கேட்டது ஆசனம். மகன் பெற்றது இரத்தசாட்சியின் முடிவு. இன்று சபையிலே போற்றப்படுவது அவள் கேட்ட ஆசனமன்று. அவன் காட்டிய உண்மையே.

நம் வீடுகளில் ஏறெடுக்கப்படும் வேண்டுதல்களும் பெரும்பாலும் ஆசனத்தைப் பற்றியனவே அல்லவா? தேர்வில் முதல் வகுப்பு, நல்ல உத்தியோகம், உறவினர் மெச்சும் சம்பந்தம் என்று நாம் நிரல்படுத்துகிறோம். இவை கேட்கத் தகாதன அல்ல. எனினும், வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கும்போது, தாவீதும் பவுலும் கேட்டவை நம் பட்டியலின் அருகே வந்து நிற்கின்றன. இருதயத்தின் உத்தமம், பகுத்தறியும் அன்பு, துன்பத்தில் பொறுமை என்பவை நம் பட்டியலில் இடம்பெறாதது கண்டு நாமே நாணுகிறோம். இங்ஙனம், வசனம் கேட்பவரின் விருப்பத்தைத் திருத்துகின்றது. தேவனுக்கு அவர் வாக்கை நினைப்பூட்டுவதாக நாம் தொடங்குகிறோம். அவ்வாக்கு நமக்கு நினைப்பூட்டுவதாக முடிகின்றது.

சபை வரலாற்றில் இதனை விளக்கும் சிறந்த உதாரணம் அகுஸ்தீனின் தாயான மோனிக்காள். மகன் 383-ல் ஆப்பிரிக்காவை விட்டு ரோமுக்குக் கப்பலேறப் புறப்பட்டபோது, அவன் போகாதிருக்க வேண்டும் என்று அவள் இரவெல்லாம் கண்ணீரோடு ஜெபித்தாள். அவன் அவளை ஏமாற்றிவிட்டுப் போயினான். போனவன் ரோமிலிருந்து மிலானுக்குச் சென்று, அங்கே அம்புரோஸ் அத்தியட்சரின் பிரசங்கங்களைக் கேட்டு மனந்திரும்பி, 387-ல் ஞானஸ்நானம் பெற்றான். தாய் எக்காலமும் கேட்டு வந்ததைத் தரும்பொருட்டே, அன்றிரவு அவள் கேட்டதைத் தேவன் தரவில்லை என்று அகுஸ்தீன் பிற்காலத்துத் தம் பாவ அறிக்கை நூலில் ஆராய்ந்து எழுதினார். அவள் கேட்டவற்றுள் ஒன்று அன்பின் பிடிப்பு. மற்றொன்று அன்பின் ஒப்புவிப்பு. இரண்டையும் வேறுபடுத்திக் காண்பதற்கே நமக்கு வேதம் துணை வேண்டும்.

இனி, நெறி பிறழும் இடங்களைக் கூறுவோம். வசனத்தை மந்திரமாக்குதல் முதற்பிழை. எருசலேமின் அருகே ஒரு பழங்கல்லறையில் 1979-ல் கண்டெடுக்கப்பட்ட இரு சிறு வெள்ளிச் சுருள்களில், ஆரோனின் ஆசீர்வாதத்தை ஒத்த வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. அவை கி.மு. ஏழாம் அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்றும், உடம்பில் அணியும் காப்பாக இருந்திருக்கலாம் என்றும் அறிஞர் கருதுவர். ஆகவே, வசனத்தை உடலோடு பிணைத்துக்கொள்ளும் ஆவல் மிகப் பழைமையானது. அதனை எள்ளி நகையாடுதல் வேண்டா. ஆயினும், இத்தனை முறை சொன்னால் இது கிட்டும் என்று எண்ணத் தொடங்குமிடத்து, நாம் பழைய மந்திரக் கயிற்றையே புதிய நூலால் முறுக்குகிறோம். ஆண்டவரோ, மிகுந்த சொற்களைச் சொல்லுவதனால் கேட்கப்படுவோம் என்னும் எண்ணத்தை மலைப்பிரசங்கத்திலேயே கடிந்துரைத்தார்.

பொது நெறியை உறுதிப்பத்திரமாகக் கொள்ளுதல் இரண்டாம் பிழை. நல்வழியில் பழக்கப்பட்ட பிள்ளை முதுமையிலும் அதனை விடாது என்னும் கருத்துடைய நீதிமொழி (22:6) யாவரும் அறிந்தது. அது ஞானிகள் கண்டறிந்த நெறி. ஒவ்வொரு வீட்டிற்கும் முத்திரையிட்டுக் கொடுத்த பத்திரமன்று. ஜெபத்தினால் பிறந்த சாமுவேலின் மக்கள் இருவரும் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினர் என்று அதே வேதம் மறையாது கூறுகின்றது. ஆகவே, பிள்ளை நெறி தவறிய வீட்டாரைப் பார்த்து, நீங்கள் சரியாக ஜெபிக்கவில்லை என்று கூறுதல் கொடுமை. வருந்துவோர்க்கு வேண்டுவது தீர்ப்பன்று, துணையே.

ஜெபத்தைச் சாட்டையாக்குதல் மூன்றாம் பிழை. பிள்ளை கேட்கும்படி அவன் குற்றங்களை அடுக்கி, வசனங்களால் அவனை அடித்தல் ஜெபமன்று. கண்மூடிக்கொண்டு செய்யும் கண்டனம். தேவனை நோக்கிப் பேசுவதுபோல் மகனை நோக்கிப் பேசினால், மகன் இரண்டையும் வெறுத்து விடுவான்.

பாட்டன் பாட்டியரின் ஜெபத்தைத் தனியே கூறுதல் தகும். பெற்றோர்க்கு இல்லாத இரு செல்வங்கள் அவர்க்கு உண்டு: நீண்ட நினைவும் குறைந்த அவசரமும். ஆதியாகமம் 48-ஆம் அதிகாரத்தில் கண்மங்கிய யாக்கோபு தன் பேரர் இருவரையும் ஆசீர்வதிக்கையில், கைகளை மாற்றி இளையவன் தலைமேல் வலக்கையை வைத்தான். தந்தையாகிய யோசேப்புக்கு அது பிடிக்கவில்லை. வரிசைப்படி வைக்கச் சொன்னான். முதியவனோ, அறிவேன் மகனே என்று அமைதியாய் மறுத்தான். தந்தை காணாததைப் பாட்டன் காண்பதுண்டு. தீமோத்தேயுவின் விசுவாசம் முன்னர் அவன் பாட்டி லோவிசாளிடத்தும், தாய் ஐனிக்கேயாளிடத்தும் நிலைத்திருந்தது என்று பவுல் குறித்தார். முதுமையில் கைவிடப்படாமல், அடுத்த தலைமுறைக்குத் தேவனுடைய வல்லமையை அறிவிக்கும் வரையில் உயிரோடிருக்க வேண்டும் என்னும் கருத்தமைந்த 71-ஆம் சங்கீதம் முதியோர்க்கென்றே அமைந்தது போலும்.

எரேமியா 29:11 இந்நாளில் சுவர்த்தாள்களிலும் வாழ்த்தட்டைகளிலும் மிகுதியாகக் காணப்படுவது. வருங்காலத்தையும் நம்பிக்கையையும் பற்றிய அவ்வாக்கு யாருக்குச் சொல்லப்பட்டது? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்க்கு. அதற்கு முந்திய வசனம் எழுபது ஆண்டுகள் கழியவேண்டும் என்கின்றது. ஆகவே, அதனைக் கேட்ட முதியோர் அது நிறைவேறுதலைத் தம் கண்ணால் காண இயலாது. அவர்தம் பேரப்பிள்ளைகளே காண்பர். இங்ஙனம் இடமறிந்து வாசிப்பின், அவ்வசனம் பொருள் சிறுத்துப் போவதில்லை. பேரர்க்காக வேண்டும் முதியோர்க்கு இன்னும் நெருங்கியதாகின்றது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ, கிராமத்து வீட்டில் தனித்திருந்து கைபேசியில் பேரர் குரலைக் கேட்கும் முதியோர் இன்று எத்துணைப் பேர்! தாம் காணாத காலத்திற்காக வேண்டுதலே அவர்தம் ஊழியம்.

ஈண்டு மற்றொன்றும் கூறாமல் முடித்தல் கூடாது. நம் பிள்ளைகளுக்காக மட்டும் வேண்டும் ஜெபம் வளர்ச்சி குன்றியது. புலம்பலின் புத்தகம் (2:19), வீதிமுனைதோறும் பசியால் சோர்ந்து விழும் குழந்தைகளின் உயிருக்காக இரவில் எழுந்து இருதயத்தைத் தண்ணீர்போல் ஊற்றச் சொல்லுகின்றது. அங்கே ‘உன் வீட்டு வாசல்’ என்றில்லை. எல்லா வீதிகளின் முனையும் சொல்லப்பட்டது. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகளைப் பற்றிய செய்தி நாடெங்கும் பரவியது. திருக்கோவிலூர் அமைந்த அதே மாவட்டத்தில் நிகழ்ந்தது அது. அப்பிள்ளைகளின் காப்புப் பருவத்தை யார் பாடுவார்? அவ்வசனத்தை வாசித்து ஜெபிப்பவர், எழுந்தபின் அத்தகைய பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கோ உணவுக்கோ தம் கையைத் திறவாராயின், அவர் வாசித்தது வீணே. கபிலர் தம் மக்களுக்காக வாயில்தோறும் நின்றாரல்லர் என்பதை நினைவில் இருத்துவோம்.

மாணவ நண்பர்காள்! நாம் இன்னும் பெற்றோராகவில்லை. பாட்டன் பாட்டியர் என்னும் நிலையோ நெடுந்தொலைவில் உள்ளது. எனினும், இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று. அவ்வேண்டுதல்களில் சொல்லப்படும் பெயர்கள் நம்முடையனவே. சிலர்க்கு அது சுமையாகவும் தோன்றலாம். வீட்டார் குறித்த வழியிலேயே நாம் செல்லவேண்டும் என்னும் கட்டளையாக அது ஒலிக்கலாம். வேதத்தின்படி வேண்டும் பெற்றோர் அவ்வாறு கட்டார். நம்மைத் தம் கையினின்று விடுவித்துப் பெரியதொரு கையில் வைப்பர். விடுமுறைக்கு இல்லம் செல்லும்போது, எனக்காக எந்தப் பகுதியை வாசித்து ஜெபிக்கிறீர்கள் என்று அன்னையையோ பாட்டியையோ ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கண் மங்கியவர்க்கு அப்பகுதியை நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்காகவும் அதே பகுதியைக் கொண்டு ஜெபியுங்கள்.

தந்தையர்க்கும் தாயர்க்கும் தக்க சொல்லையும், மக்கட்குக் கேட்கும் செவியையும், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஏற்கும் கையையும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வாராக.